சத்தம் வராத கிட்டார்

நாற்பது வயதைத் தாண்டிய கரடி ஒன்று கிட்டார் வாங்கியது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே என்று அதற்கு ஒரே கூச்சம். அதனால் கம்பிகளுக்கு அடியில் துணியைத் திணித்து, சத்தம் எழாமல் மூன்று மாதம் பழகியது. விரல் நுனிகள் காய்த்துப்போயின.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தவளை எட்டிப் பார்த்தது. “ஏங்க கரடியாரே, தினமும் டொக்கு டொக்குன்னு கேக்குதே, உள்ளே தச்சு வேலையா?”

கரடிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. துணியை உருவிவிட்டு வாசித்துக் காட்டியது. ஆறு கம்பிகளில் இரண்டுதான் ஒலித்தன. இத்தனை நாளும் தப்பாகவே பழகியிருக்கிறோம் என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

“இந்த கிட்டாரை யாருக்காவது குடுத்துடறேங்க,” என்றது, தலை நிமிராமல்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா காது இருக்கு. ஒவ்வொரு கம்பியா தட்டுங்க, எது ஊமைன்னு சொல்றேன்.”

கூனிக்குறுகியபடி கரடி தட்டியது. மூன்றாவது கம்பியில் தவளை, “இது ஊமை,” என்றது. கரடி விரலைக் கொஞ்சம் நகர்த்தி அழுத்தியது. கம்பி கணீரென்று ஒலித்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “யாருப்பா அது வாசிக்கிறது?” என்றது ஆமை.

கரடிக்குக் காதுமடல் வரை சுட்டது. “நான்தாங்க,” என்று சொல்லிவிட்டு, நான்காவது கம்பியைத் தட்டியது.