ஒரு பக்கத்து ஸ்குரு

ரேஸ் தொடங்குவதற்கு முன் கலையரசன் அந்த ஸ்குருவைக் கழற்றிவிட்டான்.

சின்ன ஸ்குருதான். ரிமோட்டில் ஓடுகிற பொம்மை டிரக்கின் முன்பக்கம், இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ஸ்வே பார் என்பார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். ஒரு பக்கம் கழன்றால் போதும், அப்புறம் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கழற்றியதை ஸ்பேர் டப்பாவில் போட்டான். டிரக்கின் பாடியை மேலே கவிழ்த்து கிளிப் மாட்டினான். ஒன்றும் நடக்காதது போல் டிராக்குக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டான்.

வேங்கிக்காலில் இன்னும் வீடு எழும்பாத மனைகளைச் சேர்த்து அந்த டிராக்கைப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஓட்டுகிறவர்களில் அர்ஜுனனை அடிக்க ஆளில்லை. அவர் கலையரசனின் அக்கா புருஷன். ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் மாற்றி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பாரை முறுக்கி, வண்டியைச் சரிபண்ணிக் கொடுப்பது கலையரசன். கப்பை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது மாமா. இது வருஷக்கணக்காக நடக்கிற கூத்து.

ஆனால் இன்று அவன் செய்தது அந்த வயிற்றெரிச்சலில் இல்லை. அக்கா ரேணுகாம்பாள்தான் செய்யச் சொன்னாள்.

மாமாவுக்கு வலது கை நடுங்குகிறது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவரோ கீழ்பென்னாத்தூரிலிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன வாரம் பிள்ளைகளோடு வந்த வேன் பாலத்துச் சுவரை உரசிவிட்டது. நாய் குறுக்கே வந்தது என்றார். வேனில் இருந்த பிள்ளைகள் யாரும் நாயைப் பார்க்கவில்லை.

அக்கா அழுதாள், சண்டை போட்டாள், சோறு போடாமல் இருந்தாள். மனுஷன் மசியவில்லை. கடைசியில் ரோஷம் வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை டிரக் ஒரு தடவை கவிழ்ந்தாலும் வேன் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

எப்படியாவது கவிழ்த்துவிடு என்று அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்குருவைக் கழற்றும்போது அவனுக்குக் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரேஸ் தொடங்கியது. முதல் சுற்றில் மாமா முன்னால் வந்தார். அடுத்த சுற்றிலும் அவரே. கலையரசனுக்கு எரிச்சல் வந்தது. பார் பிடிக்காத வண்டியை இந்த மனுஷன் எப்படித்தான் கவிழாமல் ஓட்டுகிறார்?

மாமாவோடு வந்திருந்த அக்கா டிராக்கைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த கோயில் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் டிரக் சடாரென்று உள்ளே வெட்டியது. ஒரு பக்கம் தூக்கியது. அப்படியே உருண்டுகொண்டே போனது.

"அர்ஜுனண்ணன் வண்டி அங்கப்பிரதட்சணம் பண்ணுதுடா!" என்று எவனோ கத்தினான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் செல்போனில் பிடித்ததை அங்கேயே நாலு பேருக்குப் போட்டுக் காட்டினான்.

கலையரசனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே.

மாமா வண்டியைப் பார்க்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேன் சாவியை எடுத்து மச்சானின் சட்டைப் பையில் போட வந்தார். போடுவதற்குள் சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

இப்படி ஆகும் என்று கலையரசன் நினைக்கவில்லை. சாவி வந்துவிட்டது, திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் கவிழ்ந்தது கையால் இல்லை என்றாவது இவருக்குத் தெரியட்டும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஓடிப்போய் டிரக்கைத் தூக்கிவந்தான். மாமாவின் கண்ணெதிரே கிளிப்பைப் பிடுங்கி, பாடியைக் கழற்றி, முன்பக்கத்தைக் காட்டினான்.

ஸ்குரு அதன் இடத்தில் இருந்தது.

விரலால் தடவிப் பார்த்தான். நன்றாக முறுக்கியிருந்தது. கம்பி இரண்டு பக்கமும் சரியாகப் பிடித்திருந்தது.

"நீ தண்ணி தெளிக்கப் போனதுமே தொறந்து பாத்துட்டேன் மச்சான்," என்றார் மாமா. "எனக்கு அந்த ஸ்குரு கையில நிக்கல. உங்க அக்காதான் மாட்டிக் குடுத்தா."