ஐந்தாவது முறையும் அதே கேள்வி

"சூப் ஆறிடும் டாக்டர், குடிங்க. நான் நிக்கிறேன்."

டாக்டர் ஹேவர்காம்ப் ஸ்பூனைக் கீழே போட்டார். அமெரிக்காவின் டொலிடோ நகர ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரில் நின்ற பெர்னடெட்டின் வேலை அப்படி. நோயாளிகளின் கேஸ் ஷீட்டை வரி விடாமல் படிப்பாள். டாக்டர் எழுதாமல் விட்ட இடம் கண்ணில் பட்டால் கம்ப்யூட்டரில் கேள்வி அனுப்புவாள். ஹேவர்காம்ப்புக்கு மூன்று முறை அனுப்பியாகிவிட்டது. மனிதர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான்காவது முறை நேற்று நேரிலேயே போய்க் கேட்டாள். இது ஐந்தாவது.

"நேத்து பார்க்கிங்ல கார் கதவுகிட்ட நின்னே. இன்னிக்கு சூப்புகிட்ட. நாளைக்கு என் வீட்டு பாத்ரூமுக்கே வருவியா?"

"பதில் எழுதிட்டீங்கன்னா வரமாட்டேன்."

பக்கத்து மேஜையில் சிரிப்பு. ஐந்தாம் மாடி நர்ஸ் யோலண்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா தாயே! காலையிலேர்ந்து மூணு ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கார். உன் ஃபைல் நிரம்பணும்னு அந்த மனுஷனை ஏன் வதைக்கிறே?"

பெர்னடெட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கேள்வி இதுதான். ஸ்டக்கி என்ற கிழவருக்கு இடுப்பில் படுக்கைப்புண். முதியோர் இல்லத்திலிருந்து வரும்போதே இருந்ததா, இங்கே வந்த பிறகு வந்ததா? நர்ஸ் எழுதினால் செல்லாது, டாக்டர்தான் எழுதவேண்டும். இன்று இரண்டு மணிக்குள் எழுதாவிட்டால் வார்டில் வந்த புண் என்றே பதிவாகிவிடும்.

ஸ்டக்கியைப் பார்த்துக்கொண்டவள் யோலண்டா. நாளை அந்தப் புண்ணுக்காக அவள்மேல் விசாரணை. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவள், இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். பாவம், அதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

"அப்படி என்ன அவசரம்? யாருக்கு என்ன ஆயிடப்போகுது?" என்றார் டாக்டர்.

யோலண்டாவின் பெயர் பெர்னடெட்டின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த வேலையில் அதற்குத்தான் தடை. கேள்வி கேட்கலாம். எந்தப் பதிலால் யார் பிழைப்பார், யார் மாட்டுவார் என்று மூச்சுவிடக்கூடாது. டாக்டர் கண்ணால் பார்த்ததை எழுதவேண்டும், அடுத்தவருக்கு வேண்டியதை அல்ல. 'வரும்போது புண் இல்லை' என்று எழுதினாலும் வாங்கிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

"சொல்லக்கூடாது டாக்டர். நீங்க பார்த்ததை எழுதுங்க, போதும்."

"எழுதலைன்னா?"

"நிப்பேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனில் அவள் கேள்வியைத் திறந்தார். படித்தார். முகம் மாறியது.

"ஸ்டக்கியா? வந்த அன்னிக்கு நானே அவரைப் புரட்டிப் பார்த்தேனே! ரெண்டு விரல் அகலத்துக்குப் புண். எழுதாமலா விட்டேன்?"

"எழுதலை."

ஒன்று நாற்பதுக்கு எழுதினார்.

சாயங்காலம் மேலதிகாரி மொரீன் வந்து பெர்னடெட்டின் மேஜை ஓரமாக உட்கார்ந்தாள்.

"யோலண்டா மேல விசாரணை இல்லைன்னு ஆயிடுச்சு. டாக்டர் காப்பாத்திட்டார்னு மாடி முழுக்க டோனட் கொடுத்துக்கிட்டிருக்கா. உனக்கு வந்துச்சா?"

"இல்லை."

மொரீன் தயங்கித் தயங்கி ஒரு புகார்க் காகிதத்தை எடுத்தாள்.

"உனக்குக் காட்டவேண்டாம்னு நாலு நாளா ஒளிச்சு வச்சிருந்தேன். நீ டாக்டர்களைத் துரத்தித் துரத்தித் தொல்லை பண்றியாம். உன்னை அந்த மாடிப் பக்கமே விடக்கூடாதாம். எழுதினது யார் தெரியுமா? யோலண்டா! திங்கட்கிழமையே இது உன் கண்ணுல பட்டிருந்தா, அவளுக்காக இந்த அலைச்சல் அலைஞ்சிருப்பியா?"

அடுத்த கேஸ் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பெர்னடெட் சொன்னாள்:

"பட்டுச்சே. அவ அதை பிரிண்டர்லயே மறந்துட்டுப் போயிட்டா. நான்தான் எடுத்து உங்க மேஜைமேல வச்சேன்."