டெல்லியில் சொன்ன வார்த்தை

உமாதேவி மூளையை ஆராய்கிறவள். பூண்டில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்கள் ஞாபகமறதியைத் தள்ளிப்போடுமா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. போன மாதம் டெல்லிக் கூட்டத்தில் பேசி முடிக்கும்போது, அவளே எதிர்பாராமல், "இந்த நோயில்தான் என் அம்மாவை இழந்தேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். மண்டபமே எழுந்து மௌனமாக நின்றது.

அம்மா ஓடைப்பட்டியில் உயிரோடு இருந்தாள். மகளின் முகம்தான் மறந்து வெகுநாளாகியிருந்தது.

ஊருக்கு வந்தவளை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மொக்கம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீ டெல்லியில பேசின அன்னையிலருந்து சரியாச் சாப்பிட மாட்டேங்குறாக, உமா. செத்தவளுக்கு எதுக்குச் சோறுங்குறாக. கெஞ்சித்தான் ரெண்டு வாய் ஊட்டுறேன்."

டெல்லிக்குப் போவதை மட்டும்தான் உமாதேவி சொல்லியிருந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அம்மா பாயில் உட்கார்ந்து ஜன்னல் வழியே திராட்சைப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமாதேவி ரசச்சோறு பிசைந்து நீட்டினாள்.

"யாரு ஆத்தா நீ?"

"உமாம்மா. ஒரு வாய் வாங்கிக்க."

"வேணாம் தாயி. நான் செத்துப்போயிட்டேன். என் மக சொன்னா. எம்புட்டுப் பேரு எந்திரிச்சு நின்னாக!" அம்மாவின் முகத்தில் பெருமை தெரிந்தது.

உமாதேவியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவ பொய் சொல்லிட்டாம்மா."

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் மக பொய் சொல்ல மாட்டா."

தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, நீட்டிப் படுத்தாள். கட்டுவதற்குத் தோதாகக் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டாள்.