தகப்பனார் சம்மதம்

போர்ட் லூயி பாஸ்போர்ட் அலுவலகத்தின் மர பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முனையில் தனபாக்கியம். நடுவில் அவள் அப்பா நாகலிங்கம். மறுமுனையில் அவளுக்குத் தெரியாத ஒரு ஆள்.

அந்த ஆள் நகரத்தின் ஓரத்திலேயே உள்ள டிராங்கெபார் பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தான். துறைமுகத்தில் கரி சுமப்பவன் போல, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. காலை ஒன்பது மணிக்கே ரம் வாடை.

"யாருப்பா இவரு?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"பாஸ்போர்ட்டுக்கு வேண்டியவரும்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார் நாகலிங்கம்.

அதற்கு மேல் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவர் நாள்காட்டி 1929 ஜூன் 10, திங்கள் என்றது. கப்பல் வியாழக்கிழமை.

மடியில் மதராஸிலிருந்து வந்த கடிதம். வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் தன் கையாலேயே எழுதியிருந்தார். துறைமுகத்துக்கு ஆயாவை அனுப்பிவைக்கிறேன். உனக்கு ஜன்னல் வைத்த அறை. எங்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் கூச்சப்படாமல் சொல், கஞ்சி வைக்கச் சொல்கிறேன்.

கூடவே அச்சடித்த காகிதம் ஒன்று. கடல் கடந்து வரும் மாணவிகளுக்கான விதிகள், மொத்தம் பதினொன்று.

ஏழாவது அவளுக்கு மனப்பாடம். இருபத்தொரு வயது நிறையாத பெண், தகப்பனார் சம்மதம் பதிந்த பாஸ்போர்ட் இல்லாமல் கரை இறங்க முடியாது.

அவளுக்குப் பத்தொன்பது.

தீவின் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீ கிராமத்தில் நாகலிங்கத்துக்கு நாலு ஏக்கர் கரும்பு. வெட்டு தொடங்கும் நேரம். அதை அப்படியே போட்டுவிட்டு முதல் ரயிலில் மகளோடு வந்திருந்தார். அம்மா கோவிந்தம்மா மட்டும் ஸ்டேஷன் வரைக்கும்கூட வரவில்லை. தலைவலி என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள். வழி நெடுக அந்தக் கோபம் தனபாக்கியத்துக்கு ஆறவில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா அவள் பெயரைக் கூப்பிட்டார். அவர் பெயர் போல்; வருகிறவர்களுக்கெல்லாம் மிசியே, அதாவது ஐயா.

"பெண்ணும் தகப்பனும் மட்டும் வரலாம்."

தனபாக்கியம் எழுந்தாள்.

நாகலிங்கம் எழுந்திருக்கவில்லை.

அந்த ஆள் எழுந்தான்.

"அப்பா?"

நாகலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "போம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மேசைமேல் அவளுடைய பிறப்புப் பதிவின் நகல் இருந்தது. இரண்டு வாரம் முன்னால் அப்பா தனியாக வந்து வாங்கிப்போனது. அவள் கண்ணில் காட்டியதில்லை. தாய், கோவிந்தம்மா. தகப்பன், துரைசாமி, கூலி.

அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

பக்கத்தில் நின்ற துரைசாமி அவளைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் பேசினான்.

"ஒங்கம்மாவ சிவில்ல, சர்க்கார் பதிவுல கட்டுனவன் நான். ஆறு மாசம். குடிச்சிட்டு அடிச்சேன், விட்டுட்டுப் போயிருச்சு. நீ பொறந்தது அதுக்கு நாலு வருசம் கழிச்சு. நீ என் புள்ள இல்ல ஆத்தா. சர்க்கார் பேப்பர்ல மட்டுந்தான்."

கோயிலில் நாகலிங்கம் கட்டிய தாலி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முதல் கல்யாணம் ஏறியிருந்தது. யாரும் அதை ரத்துச் செய்யவில்லை. அதனால் கோவிந்தம்மாவுக்குப் பிறந்த பிள்ளை துரைசாமியின் பிள்ளை. சட்டம் அவ்வளவுதான்.

மிசியே போல் பேனாவை மையில் தோய்த்தார். பெண்ணின் வாயாலும் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி.

"லி மெம் தோ பாப்பா?"

இவர்தானே உன் அப்பா?

இல்லை என்றால் காகிதம் திரும்பிவிடும். வியாழக்கிழமைக் கப்பல் அவள் இல்லாமல் போகும். ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் பெஞ்ச் நாலடி தூரத்தில்தான் இருக்கிறது. காதில் விழும்.

திரும்பிப் பார்த்தாள்.

நாகலிங்கம் தலையை ஒருமுறை ஆட்டினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது, கொய்னா மருந்தை முழுங்கு என்று ஆட்டுவாரே, அதே மாதிரி.

"வீ, மிசியே" என்று ஆமோதித்தாள்.

குரல் எழும்பவில்லை. குமாஸ்தா காதைச் சாய்த்து மறுபடியும் கேட்டார்.

இரண்டாவது தடவை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

துரைசாமி கட்டைவிரலை வைத்தான். விரலில் கரி இருக்கிறது, மை ஒட்டவில்லை என்று குமாஸ்தா துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான்.

"சாட்சி ஒருத்தர் வேண்டும். சொந்தக்காரர் கூடாது."

நாகலிங்கம் எழுந்து வந்தார்.

"பெண்ணுக்கு நீ உறவா?"

"இல்ல, மிசியே."

தனபாக்கியம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து தன் பெயரை எழுத்து எழுத்தாக, பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். இந்தக் காகிதத்தில் தகப்பனாராகக் கையெழுத்துப் போடத்தான், போன வருடம் அவளிடமே ஸ்லேட்டில் கற்றுக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தில் பேனா காகிதத்தைக் கொஞ்சம் கிழித்தது.

"இந்தப் பெண்ணை எத்தனை வருடமாகத் தெரியும்?"

"பொறந்த அன்னியிலேருந்து" என்றார் நாகலிங்கம்.

மிசியே போல் கட்டத்தில் பத்தொன்பது என்று எழுதி, மை காய ஊதினார்.