வெளி ஆள்

"அங்கயே நில்லுங்க அண்ணி!"

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தாள் தம்பி பெண்டாட்டி. "எதிர்ப்பு சக்தியைக் குறைக்க அவருக்குத் தினமும் மாத்திரை. ஒரு தும்மல் போதும், ஆளையே சாய்ச்சிடும்."

"எதுக்கு அதைக் குறைக்கணுமாம்?" தெரிந்தேதான் கேட்டாள் அக்கா.

"இல்லேன்னா, மாத்தி வச்ச கிட்னியை வெளி ஆளுன்னு நினைச்சு உடம்பு விரட்டி அடிக்குமாமே!"

உள்ளே, தம்பி பெண்டாட்டியின் பிறந்த வீட்டுப் பட்டாளமே தம்பியைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒருவர் இருமவும் செய்தார்.

"அவங்கல்லாம்?"

"எங்க வீட்டு மனுஷங்க. நீங்க ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவங்க. எந்தக் கிருமி ஒட்டியிருக்கோ, யார் கண்டா?"

அக்கா குனிந்து பழப்பையை வாசலில் வைத்தாள். தம்பிக்காகத் தன் கிட்னியை எடுத்துக் கொடுத்த தழும்பு சுரீரென்றது.

"அந்த மாத்திரையில தினம் ஒண்ணு நீயும் போட்டுக்கம்மா."