பாதிச் சூடு

புதுக் கேத்தலின் வினைத்திறன் நாற்பத்திரண்டு வீதம். பாயிஸ் மூன்றாம் நாளும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குக் கொதிக்க வைத்தது ஒரு லீற்றர் தண்ணீர். பிளக்கில் செருகிய மீட்டர் மாலையில் காட்டியதோ, அதற்கு வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான மின்சாரம். தான் வேலை செய்யும் துறைமுக வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் இதே கேத்தல் எண்பத்துநாலு வீதம் காட்டுகிறது.

"வீட்ட வந்தா மட்டும் பாதிச் சூடு எங்க போகுது, ரபீக்கா? பகல்ல ஆரும் தண்ணி சுடவைச்சீங்களா?"

"நோன்பு நாளில ஆருக்கு?" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

முன்னறையிலிருந்து வாப்பா சத்தம் போட்டார். "நோன்போட கேத்தலுக்கு என்னடா கணக்கு? குர்ஆனை எடுத்து ஓது!" எழுபத்தாறு வயதிலும் ஒரு நோன்பு விடாத மனுசன்.

பாயிஸுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "கடையிலயே திருப்பிக் குடுக்கப்போறன்" என்று கேத்தலைத் தூக்கினான்.

ரபீக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கேத்தல்ல பிழையில்ல," என்று குரலைத் தாழ்த்தினாள். "வாப்பாவ நோன்பு பிடிக்க வேணாமெண்டு டொக்டர் சொல்லிட்டார். குளிசை போட நான்தான் பகல்ல தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன். மகனுக்குத் தெரிஞ்சா வெக்கமெண்டு அழுதார்."

நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. எல்லோருக்கும் முன்னதாகப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த வாப்பா, "என்ன மகன், கணக்குச் சரிவந்ததா?" என்றார்.

"ஓம் வாப்பா, கேத்தல்தான் பிழை," என்றபடி பாயிஸ் கஞ்சிக் கோப்பையை முதலில் அவர் பக்கம் நகர்த்தினான். "ஆனா மாத்த வேணாம். அதுவே கிடக்கட்டும்."