சாக்ஸுக்குள் ஒரு பாட்டில்

கழிப்பறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த குட்டி பாட்டிலை எடுத்தான் ஆர்லே.

நாற்பது வயதில் முதல் போட்டி. அதிலேயே திருட்டுத்தனம்.

வெளியே லிபார்டோவின் வேப் எனும் மின்சிகரெட் கடையில், டிசம்பர் விளக்குகளுக்குக் கீழே கூட்டம் நெரிந்தது. யார் ஊதும் புகை மேகம் நீளமாகப் போகிறது என்று சுவரில் ஒட்டிய அளவுநாடாவைப் பார்த்துச் சொல்லும் போட்டி. சிலோயே மேட்டுக்குப் பயணிகளை ஏற்றி அவனோடு ஜீப் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முன்வரிசையில் மனைவி நூபியா.

புகை ஊதும் கருவியைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தான். கம்பியைச் சுருளாகச் சுற்றி, அது ஒரே சீராகச் சிவக்கிறதா என்று பார்த்து, நடுவே பஞ்சு கோத்தான். பஞ்சு இறுகினால் கருகும். தளர்ந்தால் ஒழுகும். நாலு தடவை பிரித்துக் கோத்தான்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி ரெடியாகலையே," என்றாள் நூபியா.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவரான லிபார்டோ வந்து விதியைச் சொல்லும் வரை.

"நிகோட்டின் கலந்த திரவம் யாரும் ஊத்தக் கூடாது. நெஞ்சு நிறைய இழுக்கிற போட்டி இது, நிகோட்டினும் சேர்ந்தா மயங்கி விழுவீங்க. கொலம்பியால எங்க நடந்தாலும் இதுதான் சட்டம். எல்லாரும் கடை பாட்டில்ல இருந்துதான் ஊத்திக்கணும்."

"எவ்வளவு நேரம் நடக்கும்?" என்று கேட்டான் ஆர்லே.

"சாயங்காலம் ஆயிடும் தம்பி."

நிகோட்டின் இல்லாமல் ஆர்லேவுக்கு ஒரு மணி நேரம் ஓடாது. போன வருஷம் ஒரு நாள் வீம்புக்கு விட்டுப் பார்த்தான். கை நடுங்கியது. பயணிகளோடு சண்டை போட்டான். ஜீப்பைப் பின்னால் எடுக்கிறேன் என்று அரேபா என்ற சோள ரொட்டி விற்கும் ஒரு கடையை இடித்துத் தள்ளினான். அதை இன்னமும் ஜீப் ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் முன்னால் கை உதறிக்கொண்டு நின்றால், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

சட்டைப்பையில் இருந்த பாட்டில் சாக்ஸுக்கு இடம் மாறியது அப்படித்தான். அவன் வழக்கமாக இழுக்கும் கடும் சரக்கு. நூபியாதான் வேலை விட்டு வரும் வழியில், வேறொரு கடையில் வாங்கி வருவாள். "இந்தா, உன் விஷம்," என்று திட்டிக்கொண்டே நீட்டுவாள். திட்டினாலும் வாங்கி வருகிறாளே, அந்த மட்டில் புண்ணியவதி.

மேசையில் கடை பாட்டிலிலிருந்து ஊற்றுவது போல் பாவனை செய்துவிட்டு வந்திருந்தான். இப்போது கழிப்பறையில் பஞ்சின் மேல் தன் சரக்கைச் சொட்டவிட்டான். மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. கூடவே தைரியமும் வந்தது.

முதல் சுற்றில் அவன் ஊதிய மேகம் நாடாவின் பாதியைத் தாண்டியது. கை ஆடவில்லை. சரக்கு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டான். மறுபடி கழிப்பறை, மறுபடி சொட்டு. இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தான். இனி ஒரே ஒரு சுற்று.

இரண்டாவது சுற்றில் அவனிடம் தோற்ற யெய்சன் என்ற பையன் சும்மா இருக்கவில்லை.

"லிபார்டோ அண்ணே, இவரு சுத்துக்குச் சுத்து கக்கூஸுக்கு ஓடுறாரு. வயித்துக் கோளாறா, வேற கோளாறான்னு பாருங்க."

கூட்டம் சிரித்தது. லிபார்டோ சிரிக்காமல் கையை நீட்டினார்.

"கருவியைக் கொடு தம்பி. நிகோட்டின் இருந்தா தொண்டையில மிளகு மாதிரி கடிக்கும். ஒரு இழுப்புல சொல்லிடுவேன்."

ஆர்லேவின் முகம் செத்துப்போனது. நூபியா பக்கம் திரும்பவே தைரியம் இல்லை. தானே ஒத்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறப்பதற்குள் லிபார்டோ இழுத்துவிட்டார்.

ஊதினார். சப்புக்கொட்டினார். இன்னொரு தடவை இழுத்தார்.

"சுத்தம்," என்றார். "ஒரு பொட்டு நிகோட்டின் இல்ல. டேய் யெய்சன், மனுஷனுக்கு நெஜமாவே வயிறு சரியில்ல போலடா. எல்லாரும் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க, கடைசிச் சுத்து வச்சுக்கலாம்."

போன உயிர் திரும்பி வந்தது ஆர்லேவுக்கு. பின்னாலேயே கோபமும் வந்தது. தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு, நூபியாவை வாசலுக்கு இழுத்துப் போனான்.

"உனக்குச் சரக்கு விக்கிறவன் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான் நூபியா. கடும் சரக்குன்னு சொல்லி வெறும் பாகைக் கொடுத்திருக்கான். நாளைக்கே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்."

"அப்போ உள்ள நீ ஊத்தினது அந்த பாட்டிலா?"

ஆர்லே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதுக்கு வீட்டுல வச்சுக்கிறேன்," என்றாள் நூபியா. "கடைக்காரர் மேல பழி போடாத. உன் பழைய பாட்டில்ல ஊத்திக் கொடுத்ததே நான்தான். முதல்ல நிகோட்டின் இல்லாததைப் பாதிக்குப் பாதி கலந்தேன். அப்புறம் உன் சரக்கு கால்வாசிதான்."

"அப்புறம்?"

அவன் கையைப் பிடித்து அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள். இலேசாகக்கூட நடுங்கவில்லை அது.

"ஈஸ்டரோடயே நீ அதை விட்டாச்சுய்யா. உன்கிட்டதான் இன்னும் சொல்லல."